படைகள் கேட்ட மானிடவியல்

1920களின் இறுதியில், தென் சூடானின் சதுப்பு நிலங்களில் மாடு மேய்த்து வாழ்ந்த நூயர் மக்கள் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. குவெக் என்ற தீர்க்கதரிசியின் பேச்சைக் கேட்டு அவர்கள் அரசுக்கு அடங்க மறுத்தார்கள் என்பதுதான் குற்றம். குவெக்கின் தந்தை நுன்டெங் எழுப்பிய கூம்பு வடிவ மண்மேடு ஒன்று இருந்தது. அதன் மீதும் குண்டு விழுந்தது. 1929இல் குவெக் சுட்டுக் கொல்லப்பட்டார். 1930இல், சூடான் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், எவன்ஸ்-பிரிட்சர்ட் என்ற இளம் மானிடவியலாளர் அங்கே போய் இறங்கினார். பெயர் என்ன என்று கேட்டால்கூட, ஏன் கேட்கிறாய் என்று நூயர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவர் ஒரு முகாமில் தங்கியிருந்தபோதே அரசுப் படை விடியற்காலையில் வந்து சுற்றி வளைத்து, தீர்க்கதரிசிகளைத் தேடி, பிணைக்கைதிகளைப் பிடித்துப் போனது. 1940இல் வெளிவந்த அவருடைய ‘நூயர்’ நூலை இன்றும் உலகெங்கும் மானிடவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள். மாடுகளைப் பற்றியும் குலங்களைப் பற்றியும் அத்தனை நுணுக்கமாகப் பேசும் அந்த நூல் குண்டுவீச்சை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது.

மானிடவியலுக்கும் போருக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். மானிடவியல் காலனியத்தின் கையாள், அதனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்பது ஒன்று. எதிரியின் பண்பாடு தெரிந்த படை குறைவாகக் கொல்லும், ஆகவே அறிஞர்கள் உதவத்தான் வேண்டும் என்பது இன்னொன்று. நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் பொருந்துகின்றன. ராணுவங்கள் மானிடவியலாளர்களிடம் அளவுகளைக் கேட்டன, பெயர்ப் பட்டியல்களைக் கேட்டன, யாருக்கு யார் உறவு என்ற வரைபடங்களைக் கேட்டன. அவற்றைக் கவனமாக வாங்கி வைத்துக்கொண்டன. கூடவே வந்த புத்திமதியை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அளவிலிருந்து தொடங்கலாம். 1857க்குப் பிறகு இந்தியப் படையில் யாரைச் சேர்ப்பது என்ற கவலை ஆங்கிலேயருக்கு வந்தது. ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்ற கொள்கை பிறந்தது. சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர் என்று இனம் இனமாகக் கையேடுகள் எழுதி ஆள் எடுத்தார்கள். 1880களின் முற்பகுதியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸுக்குத் தென்னிந்தியச் சிப்பாய்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்பது உறுதியான எண்ணம். பிற்பாடு இந்தியா முழுமைக்கும் அவரே தலைமைத் தளபதியானபோது சென்னைப் பட்டாளங்கள் சுருங்கின. 1920களில் மிச்சமிருந்த காலாட்படையையும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அதே மக்களுக்குப் போர்க்குணம் திரும்பி வந்துவிட்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உருவானது. ராபர்ட்ஸின் அந்தக் காலகட்டத்தில்தான் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து இந்தியர்களை வகைபிரித்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அவரே நடத்தினார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு ஊர் ஊராகச் சுற்றினார். க. ரங்காச்சாரியுடன் சேர்ந்து அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளை நம் ஊர் சாதிச் சங்கங்கள் இன்றும் தங்கள் பெருமைக்குச் சான்றாகக் காட்டுகின்றன. 

உடலை அளப்பதிலிருந்து கைரேகைக்கு வந்ததும் இந்தியாவில்தான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1890களில் எட்வர்ட் ஹென்றி என்ற காவல்துறை அதிகாரியின் கீழ் வேலை பார்த்த அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு வங்காளிகள் ரேகைகளை வகைபிரித்துத் தேடியெடுக்கும் முறையை வகுத்தார்கள். பெயர் ஹென்றிக்குப் போனது. அந்தச் சங்கிலியின் மறுமுனை ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. அமெரிக்கச் சிப்பாய்கள் கையடக்கக் கருவி ஒன்றோடு கிராமங்களுக்குள் நுழைந்து, கருவிழி, விரல், முகம் மூன்றையும் பதிவு செய்தார்கள். எதிரியைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்க என்று சொல்லித் தொடங்கிய வேலையில், அமெரிக்கர்களோடு பணிபுரிந்த ஆப்கானியர்களின் விவரங்களும் சேர்ந்தன. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது அந்தக் கருவிகளில் சில தாலிபான் கைக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. யாரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பட்டியலும் யாரைத் தேட வேண்டும் என்ற பட்டியலும் ஒரே பட்டியல்தான். யார் கையில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

அளவு எப்போதும் கொல்லத்தான் உதவியது என்று சொல்ல முடியாது. அமெரிக்க விமானப்படை தந்த ஒரு நல்ல உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரிலேயே ஒஹையோவின் ரைட் ஃபீல்டில் உடல்சார் மானிடவியலாளர்கள் விமானிகளை அளந்துகொண்டிருந்தார்கள். பீரங்கிக் கூண்டுக்குள் எந்த உயரத்து ஆள் நுழைவார், ஆக்சிஜன் முகமூடி எந்த மூக்குக்குப் பொருந்தும் என்பதெல்லாம் உயிர் போகும் விஷயங்கள். போருக்குப் பிறகு கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அங்கே வேலைக்கு வந்தார். ஹார்வர்டில் உடல்சார் மானிடவியல் படித்தவர். 4,063 விமானிகளின் அளவுகள் அவர் கையில் இருந்தன. உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று விமானி அறைக்கு முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுவிலுள்ள முப்பது சதவீதத்துக்குள் வருபவரைச் ‘சராசரி’ என்று தாராளமாக வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. இல்லாத மனிதன் ஒருவனுக்காக விமானி அறைகளைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1952இல் வந்த இந்த அறிக்கைக்குப் பிறகு இருக்கை, மிதிகட்டை, தலைக்கவசப் பட்டை எல்லாம் ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியவையாக மாறின. இன்று நம் காரில் இருக்கையை முன்னுக்குத் தள்ளும்போது கிடைக்கும் வசதியும் இதே சிந்தனையின் பலன்தான். சராசரி மனிதன் என்று யாரும் இல்லை என்பதைத் தன் விமானிகள் விஷயத்தில் ஏற்றுக்கொண்ட விமானப்படை, கீழே நிலத்தில் நடமாடுபவர்கள் விஷயத்தில் அதை மறந்துபோனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறிஞர்கள் உளவாளிகளாவது பற்றிய சண்டை முதல் உலகப் போரோடு தொடங்கியது. மாயன் நாகரிக ஆய்வில் பெரும் பெயர் பெற்ற சில்வானஸ் மோர்லி அமெரிக்கக் கடற்படையின் ஒற்றர். தொல்லியல் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு மத்திய அமெரிக்கக் கடற்கரைகளில் ஜெர்மானிய நீர்மூழ்கித் தளங்களைத் தேடினார். 1919 டிசம்பரில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் ‘தி நேஷன்’ இதழில் கடிதம் எழுதினார். நான்கு மானிடவியலாளர்கள் ஆய்வு என்ற பெயரில் உளவு பார்த்தார்கள், இது அறிவியலை விற்பது என்பது அதன் சாரம். பெயர்களை அவர் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அமெரிக்க மானிடவியல் கழகம் கூடி, இருபதுக்குப் பத்து என்ற வாக்கில் கண்டனத் தீர்மானம் போட்டது. கண்டனம் உளவு பார்த்தவர்கள் மீதில்லை, அதைச் சொன்ன போவாஸ் மீது! குற்றம் சாட்டப்பட்டவர்களிலேயே சிலர் அந்தக் கூட்டத்தில் வாக்களித்தார்கள். அந்தத் தீர்மானத்தைக் கழகம் திரும்பப் பெற்றது 2005இல்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது தயக்கமெல்லாம் போய்விட்டது. எதிரே ஹிட்லர். அமெரிக்க மானிடவியலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு விதத்தில் போர்ப் பணியில் இருந்தார்கள். காடுகளில் இறங்கியவர்களும் உண்டு. எட்மண்ட் லீச் பர்மாவில் கச்சின் படையோடு திரிந்தார். உர்சுலா கிரஹாம் போவர் வட கச்சார் மலைகளில் ஸெமே நாகர்களைக் கொண்டு ஜப்பானியர் வருகையைக் கண்காணித்தார். டாம் ஹாரிசன் 1945இல் போர்னியோவின் கெலாபிட் மேட்டுநிலத்தில் பாராசூட்டில் குதித்தார். எவன்ஸ்-பிரிட்சர்டும் அனுவாக் துப்பாக்கிக்காரர்களோடு சேர்ந்து எத்தியோப்பிய எல்லையில் இத்தாலியர்களை எதிர்த்தார். இவர்களுடைய சாகசக் கதைகள் படிக்கச் சுவையானவை. அந்த மலைவாழ் மக்கள் யாருடைய போரில் இறந்தார்கள் என்ற கேள்வியை அவை அதிகம் கிளறுவதில்லை.

கண்டியை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1944இல் மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் வந்து உட்கார்ந்தபோது, அமெரிக்க உளவு நிறுவனமான ஓஎஸ்எஸ்ஸும் கண்டியில் கடை விரித்தது. அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் கோரா டுபாய்ஸ் என்ற மானிடவியலாளர். கிரகரி பேட்சனும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தார். எதிரெதிர்க் குழுக்கள் ஒன்றையொன்று தூண்டித் தூண்டிப் பிளவு முற்றுவதைப் பற்றி நியூ கினியாவில் கோட்பாடு வகுத்தவர் அவர். பர்மாவை நோக்கிய கள்ள வானொலிப் பிரச்சாரத்தில் அந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்திப் பார்த்தார். ஜப்பானியப் பிரச்சாரத்தையே மிகைப்படுத்தி, கேட்பவர் நம்பாதபடி ஒலிபரப்புவது உத்தி. தான் வகுத்த கோட்பாடு பிளவை ஆற்ற உதவும் என்று எதிர்பார்த்தவர், அதைப் பிளவை வளர்க்கப் பயன்படுத்திய கசப்பு பேட்சனைப் பிற்காலம் முழுக்க விடவில்லை.

டுபாய்ஸின் கதை இன்னும் கனமானது. போருக்கு முன் அவர் இந்தோனேசியாவின் அலோர் தீவில் அத்திமேலாங் என்ற கிராமத்தில் சுமார் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். ‘அலோர் மக்கள்’ நூல் 1944இல் வந்தது, அவர் கண்டியில் இருந்த அதே ஆண்டு. அப்போது அந்தத் தீவு ஜப்பானியர் வசம். அமெரிக்காதான் போரில் ஜெயிக்கும் என்று அத்திமேலாங் ஊர்க்காரர்கள் சிலர் பேசிக்கொள்வதாக ஜப்பானிய அதிகாரிகளுக்குத் தகவல் போனது. அவர்களைக் கலபாகி நகருக்கு இழுத்துவந்து எல்லோரும் பார்க்கத் தலையை வெட்டினார்கள். அமெரிக்கா என்ற நாடு இருப்பதே அந்தக் கிராமத்துக்கு டுபாய்ஸ் மூலமாகத்தான் தெரியும். நூலின் 1960ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே இதைப் பதிவு செய்தார். அவர் அங்கே உளவு பார்க்கவில்லை, ஒற்றர் வேலையில் சேர்ந்ததும் பிறகுதான். வெறுமனே அங்கே வாழ்ந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

அதே போரில் அலெக்சாண்டர் லைட்டன் தலைமையில் ஒரு குழு ஜப்பானியரின் மன உறுதியை ஆராய்ந்துகொண்டிருந்தது. ரூத் பெனடிக்ட்டின் புகழ்பெற்ற ஜப்பான் நூலும் அந்த வேலையிலிருந்து விளைந்ததுதான். ஜப்பானியரின் மன உறுதி உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கிறது என்று லைட்டன் குழு 1945லேயே எழுதிக் கொடுத்தது. கடைசி மனிதன் வரை போராடும் இனம் என்று முன்பே முடிவுகட்டியிருந்த மேலிடம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஹிரோஷிமாவைத் தவிர்த்திருக்க முடியுமா என்பது வேறு விவாதம். கேட்டு வாங்கிய ஆய்வு கிடப்பில் போனது என்பதில் மட்டும் விவாதமில்லை.

பனிப்போர்க் காலத்தில் பணம் கொட்டியது. 1964இல் அமெரிக்க ராணுவம் ‘கேம்லட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எந்த நாட்டில் எப்போது கிளர்ச்சி வெடிக்கும் என்று சமூக அறிவியலைக் கொண்டு முன்கூட்டியே கணிப்பதே நோக்கம். சிலி நாட்டு அறிஞர்களை அணுகியவர் ராணுவத்தின் பெயரை மறைத்தார். அப்போது சந்தியாகோவில் பணியாற்றிய நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் விவரத்தை வெளியே சொன்னார். சிலி நாடாளுமன்றம் கொதித்தது. 1965 ஜூலையில் திட்டத்தை ரத்து செய்தார்கள். 1970இல் தாய்லாந்து மலைக்கிராமங்களைப் பற்றிய ஆய்வுகள் கிளர்ச்சி ஒடுக்கலுக்குப் போவதாக ஆவணங்கள் கசிந்தன. எரிக் வுல்ஃப், ஜோசப் ஜோர்கன்சன் என்ற இரு மானிடவியலாளர்கள் அதைப் பகிரங்கப்படுத்தினார்கள். அமெரிக்க மானிடவியல் கழகத்தின் சார்பில் மார்கரெட் மீட் தலைமையிலான குழு குற்றம் ஏதுமில்லை என்று அறிக்கை தந்தது. கழக உறுப்பினர்கள் அந்த அறிக்கையை நிராகரித்துவிட்டார்கள். ஆய்வாளரின் முதல் கடமை தான் ஆய்வு செய்யும் மக்களிடம்தான் என்ற விதி 1971இல் கழகத்தின் கொள்கை ஆவணத்தில் ஏறியது. போவாஸ் இறந்து அப்போது முப்பதாண்டு ஆகப்போகிறது.

வியட்நாமில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜெரால்ட் ஹிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்துக்காக அங்கே பல்லாண்டு தங்கியவர். கிராமத்தாரை வேலிக்குள் குடியேற்றும் ‘கேந்திரக் கிராமத் திட்டம்’ உருப்படாது, மக்கள் வெறுக்கிறார்கள் என்று 1962லேயே எழுதிக் கொடுத்தார். தளபதிகள் எரிச்சலடைந்தார்கள், திட்டம் தொடர்ந்து தோற்றது. ஊர் திரும்பியபோது ராணுவத்தோடு சேர்ந்தவர் என்று பல்கலைக்கழகமும் அவரைச் சேர்க்க மறுத்தது. இன்னொருவர் ஜார்ஜ் கோந்தோமினாஸ், பிரெஞ்சுக்காரர். 1948-49இல் மத்திய மேட்டுநிலத்தின் சார் லுக் கிராமத்தில் ம்னோங் கார் மக்களோடு வாழ்ந்து ஓராண்டு நாட்குறிப்பு போல ஒரு நூல் எழுதினார். அமெரிக்க அரசு அவரைக் கேட்காமலே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சிறப்புப் படையினருக்குக் கொடுத்தது. அந்த நூலில் அவர் யாருடைய திருமணத்தை ரசித்து ரசித்து எழுதியிருந்தாரோ, அந்த நண்பர் பின்னாளில் சிறப்புப் படை முகாமில் சித்திரவதைக்கு ஆளானார். 1972இல் அமெரிக்க மானிடவியல் கழகத்தின் மேடையிலேயே நின்று கோந்தோமினாஸ் இதைச் சொன்னார். ராணுவத்துக்கு எச்சரிக்கை எழுதியவரை யாரும் படிக்கவில்லை. ராணுவத்துக்கு எழுதாதவரைத் திருடிப் படித்தார்கள்.

இத்தனையும் தெரிந்திருந்தும் 2007இல் அதே வண்டி மீண்டும் புறப்பட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் இழுத்துக்கொண்டிருந்தது. மான்ட்கோமரி மக்ஃபேட் என்ற மானிடவியலாளர், படைக்குப் பண்பாட்டு அறிவு இல்லாததே தோல்விக்குக் காரணம் என்று ராணுவ இதழ்களில் எழுதி வந்தார். 2006 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸின் பெயரோடு வந்த கிளர்ச்சி ஒடுக்கல் கையேட்டில் பண்பாடு, சடங்கு, உறவுமுறை எல்லாம் இடம்பெற்றன. அவற்றில் பல பத்திகள் விக்டர் டர்னர் போன்ற அறிஞர்களிடமிருந்து மேற்கோள் குறியில்லாமல் எடுத்தவை என்று மானிடவியலாளர் டேவிட் பிரைஸ் காட்டினார். 2007 பிப்ரவரியில் ‘ஹியூமன் டெரெய்ன்’ திட்டத்தின் முதல் குழு ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் இறங்கியது. படைப்பிரிவுக்கு ஐந்தாறு பேர், அதில் ஓரிரு சமூக அறிவியலாளர், ராணுவச் சீருடை, சிலர் கையில் துப்பாக்கி. மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் சொற்பம். 2014இல் மூடும்போது செலவுக் கணக்கு சுமார் 72.5 கோடி டாலர்.

மக்ஃபேட் தரப்பு வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. போர் எப்படியும் நடக்கிறது. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவது கொண்டாட்டம் என்று சொல்ல ஓர் ஆள் அருகில் இருந்தால் ஒரு கல்யாண வீடாவது தப்புமே என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆயுதப் படையோடு வந்து நிற்பவரிடம் ஒரு கிராமத்தான் மறுப்புச் சொல்ல முடியுமா? அவன் சொன்ன தகவல் இரவுச் சோதனைக்குப் போகாது என்று அந்த ஆய்வாளரால் உறுதி தர முடியுமா? 2008 நவம்பரில் காந்தகார் மாகாணத்துக் கிராமம் ஒன்றில், கையில் எரிபொருள் குடுவையோடு நின்ற ஒருவரிடம் எரிபொருள் விலையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார் குழுவின் ஆய்வாளர். அந்த ஆள் அதையே அவர் மீது ஊற்றித் தீ வைத்தான். சில வாரங்களில் அவர் இறந்தார். பிடிபட்ட அந்த ஆளை, கைவிலங்கோடு இருக்கும்போதே, குழுவைச் சேர்ந்த இன்னொருவர் தலையில் சுட்டுக் கொன்றார். கள ஆய்வும் போர்க்களமும் கலந்துவிட்ட இடத்தில் இருவரும் போனார்கள். அத்திட்டத்தில் மூன்று ஆய்வாளர்கள் உயிரிழந்தார்கள். அமெரிக்க மானிடவியல் கழகத்தின் குழு 2009இல், இதை மானிடவியல் என்று ஏற்க முடியாது என்று தீர்ப்பெழுதியது.

பண்பாட்டு அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2010 பிப்ரவரி 21, விடியற்காலை, உருஸ்கான் மாகாணம். மூன்று வண்டிகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பயணம் செய்கிறார்கள். நெவாடா பாலைவனத்தில் உட்கார்ந்திருந்த குழு ஒன்று பிரிடேட்டர் டிரோன் வழியாக அவர்களை மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்கிறது. வழியில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பயணிகள் இறங்குகிறார்கள், துணியை விரிக்கிறார்கள், தொழுகிறார்கள். காலைத் தொழுகை. அதைக் கண்ட குழு, இவர்கள் தாலிபான்தான் என்பதற்கு அதையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. குழந்தை தெரிகிறதே என்று படம் பார்த்த ஒருவர் சொல்ல, வளர்ந்த பையன் என்று அதற்கு விளக்கம் கிடைக்கிறது. ஹெலிகாப்டர்கள் வந்து ஏவுகணைகளை விட்டன. பெண்கள் துணியை ஆட்டிக்கொண்டு இறங்கியபோதுதான் சுடுவது நின்றது. ஊர்ப் பெரியவர்கள் கணக்கில் 23 பேர் பலி. அமெரிக்கக் கணக்கு அதைவிடக் குறைவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஹசாராக்கள், தாலிபான்களிடம் பரம்பரையாக அடிபட்ட ஷியா சிறுபான்மையினர். நேரடிப் படம், மணிக்கணக்கில். ஆப்கானிஸ்தானில் ஒரு வாரம் இருந்த யாருக்கும் தெரிந்திருக்கும் விஷயம் அந்தப் படத்தில் தெரியவில்லை.

‘வாழ்க்கை முறை’ ஆய்வு என்று டிரோன் படையினர் சொல்வது, பெயரளவில் பார்த்தால், மானிடவியலாளர் செய்யும் வேலையேதான். யார் எப்போது எங்கே போகிறார், யாரைச் சந்திக்கிறார் என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது. பேசுவது மட்டும் கிடையாது. 2011 மார்ச் 17இல் வடக்கு வசீரிஸ்தானின் தத்தா கேலில் குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கக் கூடிய ஜிர்கா மீது ஏவுகணை விழுந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஊர்ப் பஞ்சாயத்தும் தீவிரவாதிகள் கூட்டமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டேனியல்ஸின் விமானி அறையை இங்கேதான் நினைக்க வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவனுக்கு இருக்கையைக்கூட ஆளுக்கேற்ப அமைத்தார்கள். கீழே இருப்பவனுக்கு வயது, பால், நடமாட்டம் என்ற மூன்று அளவில் ஒரு சராசரியைக் கட்டினார்கள். 2024 ஏப்ரலில் பிளஸ் 972 என்ற இதழ், இஸ்ரேலின் ‘லாவெண்டர்’ என்ற மென்பொருள் காஸாவில் 37,000 பேரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததாகவும், ஒரு பெயரைச் சரிபார்க்க இருபது விநாடியே செலவிட்டதாகவும் உளவுப் பிரிவினரை மேற்கோள் காட்டி எழுதியது. தீவிரவாதிகளை அடையாளம் காண அப்படியொரு மென்பொருளைப் பயன்படுத்தவில்லை என்று இஸ்ரேலிய ராணுவம் மறுத்தது.

இதற்கிடையே சில மானிடவியலாளர்கள் பார்வையை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். என்னைக் கேட்டால் இத்துறையில் நடந்த ஆகச் சிறந்த வேலை இதுதான். ஹியூ கஸ்டர்சன் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் அணுகுண்டு வடிவமைப்பவர்களை, ஒரு பழங்குடியை ஆராய்வதுபோல ஆராய்ந்து 1996இல் நூலாக்கினார். மாதாகோயிலுக்குப் போகிறவர்கள், குழந்தைகளைப் பள்ளியில் விடுகிறவர்கள், நல்ல அண்டை வீட்டார். குண்டுச் சோதனை எப்படி அவர்களுக்கு ஒரு சடங்காக இருக்கிறது, எப்படி ஒருவர் அந்தத் தொழிலுக்குள் படிப்படியாக வளர்க்கப்படுகிறார் என்று காட்டினார். கேத்தரின் லட்ஸ் ராணுவத் தளத்தை அண்டிப் பிழைக்கும் ஃபயட்வில் நகரத்தை எழுதினார். ஈழத்தில் அடிபட்டவர்கள் பக்கம் நின்று எழுதியவர்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு அதைப் பற்றி எழுதிய எஸ். ஜே. தம்பையா, வன்முறையை எழுதுவதே சாத்தியமா என்று ‘கருகிய தாலாட்டுகள்’ நூலில் தடுமாறிய வாலண்டைன் டேனியல், யாழ்ப்பாணத் தமிழரும் அங்கிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் வீடு என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்ட ஷாரிகா திராணகம. இவர்களுடைய நூல்களிலிருந்து எந்தப் படையாலும் ஒரு பட்டியலைக்கூட உருவியெடுக்க முடியாது. எழுதிய விதமே அதைத் தடுக்கிறது.

2008இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸ் ‘மினர்வா’ என்ற பெயரில் பல்கலைக்கழகச் சமூக ஆய்வுக்குப் பென்டகன் பணத்தைத் திறந்துவிட்டார். வாங்கலாமா கூடாதா என்று துறைக்குள் வருடக்கணக்கில் சண்டை. 2025 மார்ச்சில் எதிர்காலப் போர்க்களத்துக்கான தொழில்நுட்பங்களுக்கே முன்னுரிமை என்று அறிவித்த பென்டகன் தன் சமூக அறிவியல் ஆய்வுகளைக் கொத்தாக ரத்து செய்தது. மினர்வாவும் அதோடு போனது. பணத்தை வாங்கியவர்கள் வேறு நிதி தேட வேண்டியதாயிற்று. வாங்காதவர்களில் சிலர் மென்பொருள் நிறுவனங்களுக்குள் கள ஆய்வுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் கிடைப்பதில்லை. நூயர்கள் பெயரைக்கூடச் சொல்ல மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த நிறுவனங்கள் கதவை மூடுவதற்கும் காரணம் உண்டு, அதை வர்த்தக ரகசியம் என்கிறார்கள்.